ஆறு துளை, ஆறு திசை: எம்8 மரைத் துளைகளின் பொசிஷன் அளவில் நடந்த ஒரு குழப்பம்

ஒரே ஜாப் (பட்டறையில் செய்கிற பாகம்), ஒரே துளை. எங்கள் ரிப்போர்ட்டில் பொசிஷன், அதாவது துளை மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியதைச் சொல்லும் அளவு, 0.12 மி.மீ. கஸ்டமர் ரிப்போர்ட்டில் 0.26. டிராயிங் அனுமதிப்பது 0.2 வரை. நாங்கள் பாஸ் போட்டு அனுப்பிய 120 ஜாப்பும் அவர்கள் சரக்கு வாங்கும் இன்வேர்டு வாசலிலேயே ஹோல்டு. போன மே மாதம் நடந்தது இது. கோயம்புத்தூர் சிட்கோ பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறேன். இதே சிக்கல் வேறு பட்டறைகளிலும் இருக்கும் என்பதால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். இதில் எங்கள் தப்பும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

முதலில் ஜாப். எஃப்.ஜி. 260 வார்ப்பிரும்பில் ஒரு பேரிங் ஹவுசிங். நடுவில் 72 மி.மீ. போர் (பெரிய துளை, எச்7 டாலரன்ஸ்), 6207 பேரிங் உட்காரும் இடம். போரைச் சுற்றி 90 மி.மீ. பி.சி.டி.யில் (துளை மையங்கள் அமரும் வட்டத்தின் விட்டம்) ஆறு எம்8 மரைத் துளைகள், 8 மி.மீ. போல்ட் ஏறுபவை. மேலே 10 மி.மீ. கனத்தில் ஒரு கவர் பிளேட் வரும், அதில் 8.4 மி.மீ. துளை. அளக்க ஆதாரமாக எடுக்கும் இடத்தை டேட்டம் என்போம்: முகம் (மேல் தளம்) டேட்டம் ஏ, போர் டேட்டம் பி (B), மரைத் துளைகளுக்குப் பொசிஷன் விட்டம் 0.2.

அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதில்லை. கவர் துளை 8.4, போல்ட் 8. இடைவெளி 0.4. மரை போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது, அதை நகர்த்த முடியாது. அதனால் அந்த 0.4-ஐ ஹவுசிங்கும் கவரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு 0.2. கவர் துளை 9 மி.மீ. என்றால் ஆளுக்கு 0.5 கிடைத்திருக்கும், இந்தக் கதையே நடந்திருக்காது. டிசைனருக்குக் கவர் அதிகம் ஆடக் கூடாது, அதனால் 8.4.

பொசிஷன் கணக்கில் இன்னொன்று. மையம் எக்ஸ் பக்கம் 0.05 மட்டும் தள்ளியிருந்தால் ரிப்போர்ட்டில் வருவது 0.05 அல்ல, 0.1. அனுமதிக்கும் இடம் ஒரு வட்டத்தின் விட்டமாகச் சொல்லப்படுவதால், தள்ளிய தூரம் இரட்டிப்பாகத்தான் தெரியும். அளப்பதில் வரும் பிழையும் அதே போல இரட்டிப்பாகும். இது கடைசிவரை நினைவில் இருக்கட்டும்.

முதல் இரண்டு நாள்

கஸ்டமர் பக்கத்து இன்ஸ்பெக்‌ஷன் மேடம் போனில் கோபப்படவில்லை, அது பெரிய உதவி. "உங்க ரிப்போர்ட்ல பாயிண்ட் பன்னெண்டு, எங்களுதுல பாயிண்ட் இருபத்தாறுங்க. ரெண்டுல எது சரின்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க, அதுவரைக்கும் ஹோல்டுதான்" என்றார். அஞ்சு ஜாப் எடுத்து அளந்ததில் மூன்று பெயில். முதலாளி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மே மாத வெயில் தேவலை.

எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். வெப்பம் என்று முதலில் சொன்னேன். எங்கள் சி.எம்.எம். (புரோபால் தொட்டு அளக்கிற மெசின்) அறை ஏசி மதியத்தில் திணறும், 20 டிகிரிக்கு மேலே போய்விடும். ஆனால் கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 10 முதல் 11 மைக்ரான் விரியும். போர் மையத்திலிருந்து துளைக்கு 45 மி.மீ. பத்து டிகிரி கூடினாலும் அஞ்சு மைக்ரான். 0.14 வித்தியாசத்துக்கு இது சோளப்பொரி.

அடுத்து மெசின். துளை போடுகிற அந்த வி.எம்.சி. மெசினில் இருபது வருசமாக நிற்கிற ஆபரேட்டர் அண்ணனிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி, ஃபிக்ஸர் (ஜாப்பைப் பிடித்து வைக்கும் தாங்கி) லூசா, ஆஃப்செட் (மெசினில் போட்ட தொடக்க இடம்) மாறிப்போச்சா என்று கேட்டேன். அவர் எக்ஸ், ஒய் எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, மெசின் தப்பு பண்ணுனா ஆறையும் ஒரே பக்கந்தான் இழுக்கும். இல்லாட்டி ஆறையும் சுத்தி உட்டுரும். இதென்ன, ஆளுக்கொரு பக்கம் ஓடுது? இது மெசினில்லீங்க தம்பி" என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் விசயம் திறந்தது. ஃபிக்ஸர் நகர்ந்தால் ஆறு துளையும் போரைப் பொறுத்து ஒரே திசையில் நகரும். கோணம் தப்பினால் எல்லாம் ஒரே சுற்றாகத் திரும்பும். ஒரே செட்டப்பில் ஒரே டேப்பால் (மரை வெட்டும் கருவி) போட்ட ஆறு துளைகள் ஆறு திசையில், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு விலகுவது இயந்திரத்தின் குணமில்லை. அப்படியென்றால் அளக்கிற விதத்தில் ஏதோ இருக்கிறது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மூன்றாவது ஆளிடம் கேட்போம் என்று ஒரு ஜாப்பை வாடகைக்கு அளந்து தருகிற இடத்துக்கு எடுத்துப் போனோம். அங்கே கேமரா வைத்து மேலிருந்து பார்க்கிற வீடியோ மெசின். ஆறு துளைக்கும் 0.04-க்குள் வந்தது. முதலாளி அண்ணன் அன்று மதியம் எல்லாருக்கும் இளநீர் வாங்கித் தந்தார். சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது: கேமரா பார்த்தது மரையை அல்ல, துளை வாயில் இருக்கிற சேம்ஃபர் (சரிவாக வெட்டிய ஓரம்) வட்டத்தை. அந்தச் சேம்ஃபரைப் போட்டது முதலில் குழி போடுகிற ஸ்பாட் டிரில். அப்புறம் வந்த 6.8 டிரில்லும் டேப்பும் உள்ளே எங்கே போயின என்று அந்த வட்டத்துக்குத் தெரியாது. கோன் புரோபை வாயில் உட்கார வைத்து ஹைட் கேஜில் பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். குடித்த இளநீரைத் திருப்பித் தர முடியவில்லை.

சின்ன பால் போட்டால் மோசமானது ஏன்

எங்கள் சி.எம்.எம். புரோகிராம் இப்படி இருந்தது: 2 மி.மீ. ரூபி பால் (புரோப் நுனியில் இருக்கிற உருண்டை), முகத்திலிருந்து 4 மி.மீ. ஆழம், நான்கு பக்கம் நான்கு தொடல், அதிலிருந்து வட்டம், வட்டத்தின் மையம். சாதாரண, மரையில்லாத ரீமர் துளைக்கு இது போதும்.

கஸ்டமரிடம் கேட்டதில் அவர்களும் அதே நான்கு புள்ளி, அதே 4 மி.மீ. ஆழம். பால் மட்டும் 1 மி.மீ. சின்ன பால் மரைக்குள் நன்றாக இறங்கும், நம்முடையதைவிட அவர்கள் அளவுதான் சரியாக இருக்கும் என்று பயந்துகொண்டே எங்கள் மெசினில் 1 மி.மீ. பாலை மாட்டி அதே இரண்டாம் நம்பர் துளையை அளந்தேன். 0.258. அவர்கள் எண் அப்படியே வந்தது. பாலை மாற்றினால் துளை நகருமா? அப்போதுதான் பேப்பரும் பென்சிலும் எடுத்தேன்.

எம்8 மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு முகட்டுக்கு நடுவே உள்ள தூரம், 1.25 மி.மீ. மரை ஒரு சுருள். ஒரு சுற்றில் 1.25 ஏறுகிறது என்றால் கால் சுற்றில் 0.3125, அரைச் சுற்றில் 0.625. ஒரே ஆழத்தில் எதிரெதிராக இரண்டு புள்ளி தொட்டால், ஒரு பக்கம் பால் மரையின் முகட்டில் இடிக்கும்போது, எதிர்ப்பக்கம் பள்ளத்துக்கு நேராக நிற்கும். பள்ளத்தில் எவ்வளவு இறங்குகிறதோ அதில் பாதி அளவுக்கு வட்டத்தின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். துளை அங்கேயேதான் இருக்கிறது, நகர்ந்தது கணக்கு.

எவ்வளவு இறங்கும்? 6.8 டிரில் போட்ட துளையில் மரைப் பள்ளத்தின் வாய் அகலம் 0.85 மி.மீ. அளவில் இருக்கும். 2 மி.மீ. பால் அந்த வாய்க்குள் முழுசாகப் போகாது, இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து 0.095 மட்டும் இறங்கும். மையம் 0.047 நகரும், ரிப்போர்ட்டில் 0.09-க்கு மேல் ஏறும். 1 மி.மீ. பால் 0.236 இறங்கும், மையம் 0.118 நகரும், ரிப்போர்ட்டில் 0.236. டாலரன்ஸே 0.2! துளை தலைமயிர் அளவும் தள்ளாமல் அச்சாக இருந்தாலும் அந்தப் புரோகிராமில் பெயில் ஆகலாம்.

ஆக கஸ்டமரின் 0.26 தப்பு. எங்கள் 0.12-ம் தப்புதான். எங்கள் தப்பு சின்னதாக இருந்ததால் இத்தனை வருசம் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆழத்தை மாற்றிப் பார்த்த சோதனை

கணக்கை மட்டும் காட்டினால் கஸ்டமர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் அதே துளையை 2 மி.மீ. பாலால் நான்கு ஆழத்தில் அளந்தேன். ஒவ்வொரு முறையும் கால் பிட்ச் கீழே. உண்மையில் துளை வளைந்திருந்தாலொழிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆழ வித்தியாசத்தில் மையம் மாறக் கூடாது.

4.00 ஆழத்தில் எக்ஸ் +0.057, ஒய் –0.015, பொசிஷன் 0.118. 4.31-ல் எக்ஸ் +0.010, ஒய் –0.062, பொசிஷன் 0.126. 4.63-ல் எக்ஸ் –0.037, ஒய் –0.015, 0.080. 4.94-ல் எக்ஸ் +0.010, ஒய் +0.032, 0.067.

இந்த நான்கு மையத்தையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். கடிகார முள் மாதிரி வலச்சுற்றாகச் சுற்றுகின்றன. கீழே இறங்க இறங்க மரைப் பள்ளம் சுற்றுகிறது, பிழையும் அதோடு கைகோத்துச் சுற்றுகிறது. நான்கையும் சராசரி எடுத்தால் எக்ஸ் +0.010, ஒய் –0.015. பொசிஷன் 0.036. துளை இருந்த இடம் அது.

ஆபரேட்டர் அண்ணன் சொன்ன "ஆளுக்கொரு பக்கம்" என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. எங்கள் மெசினில் டேப் ஒவ்வொரு துளையிலும் எந்தக் கோணத்தில் மரையைத் தொடங்குகிறது என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. அதனால் 4 மி.மீ. ஆழத்தில் பள்ளம் ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு திசையில் இருக்கும். பிழையும் அப்படியே.

சரி, மருந்து என்ன? சுருளோடு சேர்ந்து பாலும் ஏற வேண்டும். வலப்பிரி மரையை மேலிருந்து பார்த்து இடச்சுற்றாகப் போனால் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் 0.3125 மேலே. சி.எம்.எம். மென்பொருட்களில் வட்டம் அளக்கிற இடத்தில் பிட்ச் என்று ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும், அதில் 1.25 போட்டால் அதுவே செய்துகொள்ளும். வருசக்கணக்காக அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் நிரப்பியதில்லை.

போட்டவுடன் 0.037 வந்தது. ஆழத்தை மாற்றினாலும் 0.034-க்கும் 0.039-க்கும் நடுவிலேயே நின்றது.

இங்கே ஒரு கூத்து. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பையன் அடுத்த ஜாப்புக்குப் புரோகிராம் போடும்போது பிட்சை மைனஸில் போட்டுவிட்டான். பால் சுருளுக்கு எதிராக இறங்கியது. ஆனாலும் மையம் சரியாகவே வந்தது! எப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு நடுவே திசை மாறினால் வரும் வித்தியாசம் சரியாக ஒரு முழுப் பிட்ச், அதனால் இரண்டும் மரையின் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. காட்டிக்கொடுத்தது வட்டத்தன்மை அளவு (தொட்ட புள்ளிகள் சரியான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பது): 0.005 இருக்க வேண்டிய இடத்தில் 0.09. நான்கு புள்ளி என்பதால் தப்பித்தோம், மூன்று புள்ளியில் அளந்திருந்தால் மையமும் போயிருக்கும். அதிலிருந்து மரைத் துளை ரிப்போர்ட்டில் வட்டத்தன்மையையும் ஒரு வரி சேர்த்து அச்சடிக்கிறோம்.

மேடம் கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை ஜாப்பையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு கஸ்டமர் ஆபீசுக்குப் போனேன். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே கேள்வி: "சரிங்க, இந்தப் பால் எதைத் தொடுது? மரையோட முகட்டைத்தானே? டிராயிங் கேக்கறது அதையா?"

கேட்டது நியாயம். அமெரிக்க ஒய்14.5 தரத்திலும் ஐ.எஸ்.ஓ. 1101-லும், டிராயிங்கில் வேறு எதுவும் எழுதாவிட்டால் மரைத் துளையின் பொசிஷன் என்பது பிட்ச் விட்டத்தின் (மரையின் மேடும் பள்ளமும் ஒரே அகலமாக இருக்கும் நடு விட்டம்) அச்சுக்குத்தான். உள்விட்டத்துக்கு வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுத வேண்டும், ஐ.எஸ்.ஓ.வில் எல்.டி. என்று போடுவார்கள். எங்கள் டிராயிங்கில் எதுவும் இல்லை. எங்கள் 2 மி.மீ. பால் சுருளோடு ஏறினாலும் தொடுவது முகட்டின் ஓரத்தைத்தான், அதாவது 6.8 டிரில் விட்டுப்போன சுவரை. டேப் டிரில்லைப் பின்பற்றிப் போயிருந்தால் இரண்டு அச்சும் ஒன்று. போயிருக்கிறதா என்று பால் சொல்லாது. பிட்ச் விட்டத்தில் தொட வேண்டுமானால் 0.72 மி.மீ. பால் வேண்டும், பிட்சை 0.577-ஆல் பெருக்கி வருவது. அந்த அளவு ஸ்டைலஸை (பால் பொருத்திய புரோப் ஊசி) எங்கள் பட்டறையில் கொடுத்தால் ஒரு வாரம் தாங்காது.

போல்ட் மாதிரி ஒன்றை மரைக்குள் ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உருளையை அளப்பதுதான் வழி. சாதாரண கோ கேஜை (மரை குறைந்தபட்ச அளவுக்காவது இருக்கிறதா என்று ஏற்றிப் பார்ப்பது) ஏற்றினால் ஆடும். 6எச் டாலரன்ஸ் மரையில் பிட்ச் விட்டம் 7.188-லிருந்து 7.348 வரை போகலாம், கேஜ் 7.188-ல் இருக்கும். தோள் (முகத்தில் உட்காரும் விளிம்பு) வைத்த மரைப் பிளக்கைச் செய்து இறுக்கினால் ஆடாது. ஆனால் தோள் முகத்தில் பட்டதும் பிளக் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கப் பார்க்கும், மரை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை மறைத்துவிடும். நமக்கு அந்தச் சாய்வுதான் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர் கணபதியில் மரை கிரைண்டிங் செய்கிற ஒரு டூல் ரூமில், தோள் இல்லாத பிளக் செய்யக் கொடுத்தோம். பிட்ச் விட்டம் 7.22, 7.24, 7.26 என்று மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் ஆறு. மேலே 8 மி.மீ. கிரைண்ட் செய்த உருளை, 14 மி.மீ. நீளம். கையால் ஏறுகிறதில் எது இறுக்கமோ அதைப் போடுவது. மரை அந்த அளவுகளை ஒட்டி இருந்தால் ஆட்டம் 20 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒருமுறை அளந்துவிட்டு, பிளக்கை அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் பிளக்கின் சொந்தக் கோணலும் கழிந்துபோகும். விலை கொஞ்சம் கடித்தது. ஒரு லாட் திரும்பி வருகிற வண்டி வாடகையோடு ஒப்பிட்டு முதலாளி அண்ணன் தலையாட்டினார்.

உருளையை இரண்டு உயரத்தில் அளந்து, ஒரு கோடாக்கி, அதை முகத்தளத்திலும் 10 மி.மீ. மேலேயும் வெட்டிப் பார்த்தோம். பத்து எதற்கு என்றால் கவர் பிளேட்டின் கனம் அது. போல்ட் இடிப்பது மரைக்குள் இல்லை, கவர் துளைக்குள். டிராயிங்கில் வட்டத்துக்குள் பி (P) என்று ஒரு எழுத்தும் பக்கத்தில் 10-ம் இருந்தன. முகத்துக்கு மேலே 10 மி.மீ. வரைக்கும் பொசிஷன் பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நாங்கள் மூன்று வருசமாக அந்த ஜாப்பை ஓட்டுகிறோம், அந்த பி-யை யாரும் படித்ததில்லை. டேட்டம் பி-யோ என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான், இன்னொருத்தன் ஆமாம் என்றிருக்கிறான்.

பத்து ஜாப், அறுபது துளை. முகத்தளத்தில் எல்லாம் 0.07-க்குள். ஆனால் 10 மி.மீ. மேலே நாலாம் நம்பர் துளை மட்டும் பத்து ஜாப்பிலும் 0.14, 0.15, 0.16 என்று நின்றது. மற்ற அஞ்சும் 0.09 தாண்டவில்லை. 0.2-க்குள் எல்லாம் பாஸ்தான், ஹோல்டு அன்றே எடுக்கப்பட்டது. இருந்தாலும் நாலாம் நம்பர் உறுத்தியது. இந்தமுறை பத்து ஜாப்பிலும் அந்தத் துளை ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, இது பிழையில்லை, நிஜம்.

ஜாப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் புரிந்தது. நாலாம் துளைக்கு நேர்கீழே வார்ப்பில் ஒரு ரிப் (பலத்துக்கு விட்ட பட்டை) சரிவாக வந்து சேர்கிறது. டிரில் வெளியே வரும் இடம் சமதளம் இல்லை, ஒரு ஓரம் முதலில் உடைகிறது. அங்கே டிரில் சாய, டேப் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஆபரேட்டர் அண்ணனிடம் காட்டினேன். டிரில்லை மாற்றிக் குட்டையானதாகப் போட்டார், கடைசி 4 மி.மீ.க்கு ஃபீடை (டிரில் இறங்கும் வேகம்) பாதியாகக் குறைத்தார். அடுத்த லாட்டில் நாலாம் நம்பர் 10 மி.மீ. உயரத்தில் 0.10, 0.09.

இப்போது நடைமுறை இதுதான். லாட்டுக்கு மூன்று ஜாப்பில் பிளக், மற்றதில் சுருள் அளவு. இரண்டு பக்கமும் ஒரே புரோகிராம் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம்: பால் அளவு, ஆழம், பிட்ச், சுழற்சித் திசை வரைக்கும். பிளக் பெட்டியில் 7.24-ல் ஒன்று காணோம். பையன் எடுத்து ஏதோ ஃபிக்ஸருக்கு போல்ட்டாகப் போட்டுவிட்டான் என்று சந்தேகம். தேடிக்கொண்டிருக்கிறோம்.